அறுபது மைக்ரான் பெயின்ட்

பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் தொழிலில் கஸ்டமர் கேட்கும் கேள்விகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியவை. கலர் ஒத்துப்போகிறதா, தூசி விழுந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் (ஆரஞ்சு பீல்) இருக்கிறதா, பளபளப்பு எத்தனை யூனிட்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெயின்ட் ஷாப்களில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். "பெயின்ட் அடித்த பிறகும் இந்தப் பாகம் அதே அடியைத் தாங்குமா?" என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எனக்கு இந்தத் தொழிலில் மிக முக்கியமாகப் படும் கேள்வி அதுதான்.

ஒரு கார் பம்பரை எடுத்துக்கொள்வோம். பாலிப்ரோப்பிலீனுடன் ரப்பரும் டால்க் பவுடரும் கலந்து மோல்டிங் செய்தது. சுவரின் தடிமன் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். இரும்பு பாடி போகும் ஓவனுக்குள் அது போக முடியாது. பாடிக்கு முதலில் போடும் மின்படிவு ப்ரைமர் 170 டிகிரி அளவிலும் மேல்பூச்சு 140 டிகிரி அளவிலும் வேகும். அந்தச் சூட்டில் பம்பர் தொய்ந்துவிடும். அதனால்தான் பம்பருக்குத் தனி லைன், தனிப் பெயின்ட், 80 டிகிரி ஓவன். ஒட்டுதலுக்கான ப்ரைமர் பத்து மைக்ரான் அளவுக்கு, அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட் பதினைந்து, கடைசியாக ஹார்ட்னர் கலந்த பாலியூரித்தேன் கிளியர் கோட் முப்பத்தைந்து. கூட்டினால் அறுபது மைக்ரான். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இரண்டரை மில்லிமீட்டர் சுவரில் அறுபது மைக்ரான் என்றால் நூற்றில் இரண்டரைப் பங்குகூட இல்லை.

இவ்வளவு மெல்லிய பூச்சு, பாகத்தின் பலத்தை என்ன செய்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. இழுவிசைச் சோதனை செய்து பார்த்தால் அந்த எண்ணம் உறுதிப்படவும் செய்யும். பெயின்ட் அடித்த துண்டும் அடிக்காத துண்டும் ஏறக்குறைய ஒரே விசையைத் தாங்கும், விறைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, உடைவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்பது. இன்னொன்று, திடீர் அடியில் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பது. பம்பரும் ஸ்கூட்டர் பேனலும் ஹெல்மெட்டும் ரோட்டில் சந்திப்பது திடீர் அடியைத்தான். மெதுவான இழுப்பைத் தாங்கும் கணக்கு அங்கே காப்பாற்றாது.

இதை எனக்குக் கண்முன் காட்டியது ஸ்கூட்டரின் பக்கவாட்டு பேனல். ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஒரே மோல்டில் இரண்டு வகை ஓடியது: பெயின்ட் இல்லாமல் கறுப்பாகவே போவது ஒன்று, சிவப்புப் பெயின்ட் அடித்துப் போவது இன்னொன்று. கஸ்டமரின் சோதனைக்கூடத்தில் இரண்டின் மேலும் ஒரே எடையை ஒரே உயரத்திலிருந்து போட்டார்கள். கறுப்புப் பேனல் குழிந்து, அந்த இடம் வெளுத்து, பிறகு மெல்லக் கிழிந்தது. சிவப்புப் பேனல் 'டக்'கென்ற சத்தத்துடன் கூர்மையான சில்லுகளாகத் தெறித்தது. மோல்டிங்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் மோல்டிங்காரர்களைப் பார்த்தோம். பிளாஸ்டிக் துகள் சரியாகக் காயவில்லை, உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் கேட் பக்கம் பிரஷர் அதிகம், பழைய பிளாஸ்டிக்கை அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆனால் அதே துகளில், அதே மோல்டில் வந்த கறுப்புப் பேனல் தாங்கியதற்கு இவற்றில் எதுவும் பதில் ஆகவில்லை.

விடையின் நுனியைப் பிடித்தவர் எங்கள் பூத்தில் இருந்த மூத்த பெயின்டர். உடைந்த சில்லு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், உடைஞ்ச எடத்துல பெயின்ட் கொஞ்சங்கூட உரியல பாருங்க. பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் ஒரே கோட்டுல உடைஞ்சிருக்கு" என்றார்.

"அப்ப ஒட்டுதல் நல்லாத்தானே இருக்குண்ணே?"

"நல்லா ஒட்டியிருக்கு சார். அதனாலதான் பெயின்ட் உடைஞ்சப்ப இதையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிருக்கு."

மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. உடைப்பு பெயின்ட் பக்கத்தில் தொடங்கி உள்ளே ஓடியிருந்தது. அது தொடங்கிய இடத்தில் ஏபிஎஸ் வெளுக்கவே இல்லை. ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரப்பர் துகள்கள் அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும்போது அவற்றைச் சுற்றி ஏற்படும் நுண்ணிய மாற்றம்தான் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. வெளுப்பு இல்லை என்றால் ரப்பருக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை என்று பொருள்.

இதன் பின்னால் இருக்கும் இயற்பியல் பழையது. ஒரு பொருளில் கூர்மையான வெட்டு இருந்தால் அதன் நுனியில் விசை பல மடங்காகக் குவியும் என்று 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார் பொறியாளர் இங்கிலிஸ். விரிசல் ஒன்று ஓடத் தொடங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற கணக்கை 1921-இல் கிரிஃபித் கொடுத்தார். பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஐசோட் சோதனையாக அறிமுகம். சோதனைத் துண்டில் வேண்டுமென்றே ஒரு நாட்ச் வெட்டி, ஊசல் சுத்தியலால் அடித்து உடைப்போம். அந்த நாட்ச்சின் நுனி ஆரம் 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பாலிகார்பனேட்டில் அந்த ஆரத்தைப் பாதியாகக் குறைத்து, நுனியைக் கூர்மையாக்கினால் அது தாங்கும் ஆற்றல் பல மடங்கு சரியும். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று பெயர் வாங்கிய பிளாஸ்டிக்கே கூர்மையான வெட்டுக்கு முன் இப்படிப் பணிந்துவிடுகிறது.

பெயின்ட் விரிசல் விடும்போது நடப்பதும் இதேதான். கடினமான கிளியர் கோட் சில சதவீதம் நீள்வதற்குள் வெடித்துவிடும். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இன்னும் எவ்வளவோ நீளக்கூடியது. ஆனால் பெயின்ட்டில் பிறந்த விரிசல் நின்று யோசிப்பதில்லை. அது அதிவேகத்தில் பிளாஸ்டிக்கின் வாசலுக்கு வந்து சேர்கிறது. அதன் நுனி நாம் கத்தியால் வெட்டும் எந்த நாட்ச்சையும்விடக் கூர்மையானது. கண்ணாடிக் கடைக்காரர் வைர முனையால் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுத் தட்டினால் கண்ணாடி முழுவதும் அந்தக் கோட்டிலேயே பிரிகிறது அல்லவா, பூச்சின் விரிசலும் பிளாஸ்டிக்குக்கு அப்படிப்பட்ட கோடுதான்.

இதை உறுதிப்படுத்த நாங்கள் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த தட்டைத் துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தோம். ஒரு குவியலைப் பெயின்ட் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அடித்தோம், இன்னொன்றைப் பெயின்ட் பக்கம் கீழே இருக்கும்படி. மேலிருந்து அடி விழும்போது துண்டு வளைகிறது, மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. பெயின்ட் மேலே இருந்தபோது பெரிய குறை தெரியவில்லை. கீழே இருந்தபோது அதே பெயின்ட், அதே பிளாஸ்டிக், சில்லுச் சில்லாகப் போனது. அதிலிருந்து நான் யாரிடமும் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் இழுபடுகிறது?" என்பதுதான். வெளிப்புறப் பெயின்ட்டின் மேல் நேராக அடி விழுந்தால் உள்பக்கம்தானே இழுபடும், பிறகு என்ன பயம் என்று சிலர் கேட்பார்கள். அடி விழுந்த புள்ளிக்கு அது சரி. ஆனால் அந்தக் குழியைச் சுற்றியும், ரிப் இருக்கும் இடத்திலும், மூலையிலும் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அங்கே பெயின்ட் பக்கம்தான் இழுபடும். பேனலின் பின்னால் அதை மாட்டுவதற்காக இருக்கும் லக்குகளின் மேல் பெயின்ட் புகை படிந்தால், அசெம்ப்ளி லைனில் அழுத்தி மாட்டும்போதே அவை முறிவதும் இதனால்தான். லக்குகளுக்கு மாஸ்கிங் ஒட்டுவது அழகுக்காக அல்ல.

இனி மூத்த பெயின்டர் தொட்ட அந்த ஒட்டுதல் விஷயம். பெயின்ட் உரிந்தால் கஸ்டமர் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் பெயின்ட்டைக் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்க்கும் கிராஸ் கட் டெஸ்ட்டில் ஒரு கட்டம்கூட உரியாமல் இருப்பதற்கு எல்லாப் பாடும் படுகிறோம். பாலிப்ரோப்பிலீன் எதையும் லேசில் ஒட்டவிடாத மேற்பரப்பு. தீச்சுடர் காட்டியோ, குளோரின் சேர்ந்த ஒட்டு ப்ரைமர் அடித்தோதான் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அடித்தளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் கடினமான பூச்சு, தன் விரிசலையும் விடாமல் கடத்துகிறது. ஒட்டுதலைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. நடுவில் இருக்கும் ப்ரைமரை மென்மையாக்குவதுதான் வழி. மேலே கீறல் விழாத கடினமான கிளியர், அடியில் ரப்பர் போல இழுபடும் ப்ரைமர். மேலே ஓடிவரும் விரிசல் அந்த மென்மையான அடுக்கில் நுனி மழுங்கி நிற்கிறது. கிளியர் கோட்டிலும் பிளாஸ்டிக்குக்கு என்றே நெகிழ்வான ரகங்கள் உண்டு. இரும்புக்கு உள்ள கிளியரைப் பம்பருக்கு அடித்தால் பளபளப்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரிவது அடி விழும் நாளில்.

விரிசல் மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. அடுத்த காரணம் தின்னர். ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் கீட்டோன் வகைக் கரைப்பான்களுக்கும் டொலுயீன் போன்றவற்றுக்கும் எளிதில் இளகும். கொஞ்சம் இளகுவது நல்லது, பெயின்ட் கடித்துப் பிடிக்கும். ஆனால் மோல்டிங்கின்போது பாகத்துக்குள் உறைந்துபோன இறுக்கம் இருக்கிறதே, அங்கே தின்னர் பட்டால் நுண்விரிசல்கள் பிறந்துவிடும். கேட் பக்கத்திலும், இரண்டு பிளாஸ்டிக் ஓட்டங்கள் சந்திக்கும் வெல்ட் லைனிலும், ஸ்க்ரூ போடும் பாஸைச் சுற்றியும் இந்த இறுக்கம் அதிகம். ஏபிஎஸ் பாகத்தில் அதைக் கண்டுபிடிக்கத் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. பாகத்தைக் கிளேசியல் அசெட்டிக் ஆசிட்டில் கொஞ்ச நேரம் முக்கியெடுத்துக் கழுவினால் இறுக்கம் உள்ள இடமெல்லாம் வெள்ளைக் கோடாகவும் வெடிப்பாகவும் தெரிந்துவிடும். அந்தப் பாகத்தை அப்படியே பெயின்ட் லைனில் ஏற்றினால் அதே விரிசல்கள் பெயின்ட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் பிறக்கும்.

இதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. மே மாதத்தில் சாதாரணத் தின்னர் கன்னிலிருந்து பாகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆவியாகிவிடும், பெயின்ட் பரவாமல் சொரசொரப்பாக விழும். அதனால் மெதுவாக ஆவியாகும் தின்னருக்கு மாறுவோம். பரப்பு அழகாக வரும். ஆனால் மெதுவான தின்னர் பிளாஸ்டிக்கின் மேல் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது, அதிக ஆழம் இறங்குகிறது. பூத்தில் தின்னரை மாற்றுகிறவர் பளபளப்பை மட்டும் மாற்றவில்லை, பாகத்தின் பலத்திலும் கை வைக்கிறார். ஹார்ட்னரும் அப்படித்தான். சீக்கிரம் காயட்டும் என்று அளவுக்கு மேல் ஒரு கை ஊற்றினால் பூச்சு நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும்.

ஓவன் சூட்டையும் சொல்ல வேண்டும். ஏபிஎஸ் மென்மையாகும் நிலை ஏறக்குறைய 105 டிகிரி. ஓவன் 80-ஐத் தாண்டி ஏறினால் பாகம் ஜிக்கில் இருக்கும்போதே கோணிக்கொள்ளும். உள்ளிறுக்கம் கொஞ்சம் தளர்வது மட்டும் ஓவன் சூட்டில் கிடைக்கும் லாபம். பாலிகார்பனேட் கதை வேறு. அது 147 டிகிரிவரை இளகாது என்றாலும், அதற்குக் கீழே நீண்ட நேரம் சூட்டில் கிடந்தாலே மூலக்கூறுகள் நெருங்கி அமர்ந்து, நாட்ச் உள்ள நிலையில் தாங்கும் ஆற்றல் குறையத் தொடங்கும். இதைப் பெயின்ட்டின் பாதிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க, பெயின்ட் அடிக்காத சில துண்டுகளையும் அதே ஓவனுக்குள் கூடவே அனுப்பி எடுத்துச் சோதிக்க வேண்டும். சூட்டின் பங்கு எவ்வளவு, பூச்சின் பங்கு எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ரீவொர்க். தூசி விழுந்த பாகத்தைத் தேய்த்துவிட்டு மேலேயே இன்னொரு சுற்றுப் பெயின்ட் அடிப்பது எல்லா ஷாப்பிலும் நடப்பது. அறுபது மைக்ரான் நூறாகும், நூற்றிருபதாகும். பூச்சின் கனம் இரட்டிப்பானால், அதே அளவு நீட்சியில் விரிசலை ஓட்டுவதற்குக் கிடைக்கும் ஆற்றலும் இரட்டிப்பாகும். மெல்லிய பூச்சு தாங்கிய வளைவில் கனத்த பூச்சு வெடிக்கும், வெடிக்கும்போது இன்னும் வேகமாகப் பிளாஸ்டிக்குக்குள் பாயும். இரும்பின் மேல் உள்ள பெயின்ட்டைக் காந்த மீட்டர் வைத்து நொடியில் அளந்துவிடலாம். பிளாஸ்டிக்கில் அந்த மீட்டர் வேலை செய்யாது. அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும், இல்லையென்றால் ஒரு பாகத்தை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இந்தச் சிரமத்தாலேயே பல இடங்களில் ரீவொர்க் பாகத்தின் கனத்தை யாரும் அளப்பதில்லை. இரண்டாவது சுற்றோடு நிறுத்திவிட வேண்டும் என்பதையும், ரீவொர்க் பாகங்களைத் தனியாக அடி சோதனைக்கு எடுக்க வேண்டும் என்பதையும் நான் இருந்த இடங்களில் சண்டை போட்டே எழுத்தில் கொண்டுவந்தேன்.

சோதனையை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். ஓவனிலிருந்து வந்த அன்றைக்கே அடித்துப் பார்த்தால் பாகம் பாஸ் ஆகிவிடும். பூச்சுக்குள் கொஞ்சம் கரைப்பான் மிச்சம் இருந்து அதை மென்மையாக வைத்திருக்கும். ஹார்ட்னரின் வேலை அடுத்த சில நாட்களும் தொடர்ந்து நடக்கும். ஒரு வாரம் வைத்திருந்து அடிக்கும்போதுதான் உண்மை தெரியும். குளிர் நாடுகளுக்குப் போகும் பாகமாக இருந்தால் உறைபெட்டியில் மைனஸ் 30 டிகிரிவரை குளிரவைத்து அடிக்க வேண்டும். சென்னைச் சூட்டில் இழுபடும் பூச்சு அங்கே கண்ணாடி போலாகிவிடும், பிளாஸ்டிக்கும் தன் நெகிழ்வை இழந்து நிற்கும்.

பெயின்ட்டைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கம் அல்ல. பெயின்ட் இல்லாத ஏபிஎஸ்ஸையோ பாலிகார்பனேட்டையோ வெயிலில் போட்டுவைத்தால் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைத்து, மெல்லிய நொறுங்கும் தோல் ஒன்றை உண்டாக்கும். அந்தத் தோலில் பிறக்கும் விரிசலும் இதே முறையில்தான் உள்ளே ஓடும். வெளியிலிருந்து நாம் போடும் பூச்சு செய்யும் கெடுதலை வெயில் தானாகவே செய்துவிடுகிறது. நல்ல கிளியர் கோட் அந்தக் கதிரைத் தடுத்து, பல வருடங்களுக்குப் பிளாஸ்டிக்கின் பலத்தைக் காக்கிறது. காரின் ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட்டில் நிலைத்திருப்பதே அதன் மேல் உள்ள கடினமான மெல்லிய பூச்சால்தான். முதல் நாள் பலத்தில் கொஞ்சம் கொடுத்து, பத்தாவது வருடத்துப் பலத்தை வாங்குகிறோம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அளந்து கொடுத்தால் அது நல்ல வியாபாரம்.

அளக்காமல் கொடுப்பது எங்கே உயிருக்கு உலை வைக்கும் என்றால், ஹெல்மெட்டில். இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு நம் நாட்டில் ஐஎஸ் 4151 தரம். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த முத்திரை கம்பெனியிலிருந்து வரும் நிலையில் உள்ள ஹெல்மெட்டுக்கு மட்டும்தான். ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த ஓட்டின் மேல் வேறு பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பெட்ரோலோ கரைப்பானோ தொடாதீர்கள் என்று ஐரோப்பிய ஹெல்மெட் விதி எச்சரிக்கை லேபிள் கேட்கிறது. கம்பெனி, தன் பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும் பெயின்ட்டைச் சோதித்து அடித்திருக்கிறது. ரோட்டோரத்தில் தின்னரால் துடைத்து, ஸ்ப்ரே டின்னால் படம் வரைந்து தருகிறவருக்கு அடியில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்றே தெரியாது. அந்த ஹெல்மெட் பார்க்க அருமையாக இருக்கும். அதன் ஓடு எவ்வளவு ஆற்றலை வாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: பிடித்த நிறத்தில் வாங்குங்கள், வாங்கிய பிறகு நிறம் மாற்றாதீர்கள்.

கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனங்களும் பிளாஸ்டிக் கம்பெனிகளின் சோதனைக்கூடங்களும் தரும் எண்கள் நம்பத்தகுந்தவை. ஆனால் பிளாஸ்டிக் வாங்கும்போது வரும் டேட்டா ஷீட்டில் உள்ள எண்கள் பெயின்ட் அடிக்காத துண்டுக்கானவை. வடிவமைப்பாளர் அந்த எண்ணை வைத்துச் சுவரின் தடிமனைத் தீர்மானிக்கிறார். பெயின்ட் கம்பெனி தன் பூச்சைப் பற்றித் தனி ஷீட் தருகிறது. இரண்டும் சேர்ந்த பிறகு பிறக்கும் மூன்றாவது பொருளுக்கு ஷீட் கிடையாது. அதை நாம்தான் அடித்து உடைத்து எழுத வேண்டும்.

எனவே புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. வரைபடத்தில் பூச்சின் கனத்துக்குக் குறைந்தபட்ச அளவு எப்போதும் இருக்கும், ஏனென்றால் அதற்குக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். அதிகபட்ச அளவையும் கேட்டு வாங்குங்கள். அடி சோதனை பெயின்ட் அடித்த பாகத்தில், ஒரு வாரம் கழித்து, பூச்சு இழுபடும் பக்கத்தில் நடக்கட்டும். தின்னரும் ஹார்ட்னரும் மாறும்போது மோல்டிங்காரர்களுக்கும் தகவல் போகட்டும். பூத்தில் நிற்கும் பெயின்டரிடம், அவர் கையில் இருக்கும் கன் பாகத்தின் பலத்தையும் சேர்த்தே அடிக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அது தெரிந்துவிட்டால் ஒரு சுற்று கூட அடிப்பதற்கு முன் அவரே ஒரு தடவை யோசிப்பார்.